பின்வரிசை விருந்தாளி

லியோந்தின் எங்கள் கொட்டகைக்கு வேலை கேட்டு வந்த நாளில், கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பாவாடையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய கணவர் ஆன்செல்மின் சவ அடக்கத்துக்கு எங்கள் கொட்டகையிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அவளைப் பார்த்ததே இல்லை.

நான் படச்சுருள் கழுவுகிறவள். என் பெயர் சிதோனி. மோந்த்ரோயில் ஊர்க் கடைசியில், பீச் பழமரங்களைப் படரவிட்ட மதில்களுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. அங்கே பொம்மைகளை நடக்க வைத்துப் படம் எடுத்தார்கள். பொம்மையை ஒரு நெல் அகலம் நகர்த்துவது, கேமராவின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றி ஒரு படம் பிடிப்பது, மறுபடி ஒரு நெல் அகலம் நகர்த்துவது. பதினாறு தடவை அப்படிச் செய்தால் திரையில் ஒரு நொடி ஓடும். இந்த வேலை இருப்பதே அப்போது வெளியே யாருக்கும் தெரியாது. பொம்மைக்குள்ளே எலியை விட்டிருப்பார்கள் என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்தார்கள்.

இந்த வித்தையை எங்கள் கொட்டகையில் கண்டுபிடித்தவர் ஆன்செல்ம். ஒரு செருப்புத் தைப்பவனின் பட்டறையில் சுத்தியலும் ஊசியும் வாரும் தாமாக எழுந்து ஒரு ஜோடி பூட்ஸ் தைப்பதுபோல ஒரு படம் எடுத்தார். ஐந்து மாதம் ஆயிற்று. அப்போது அவருக்குக் கைப்பிடி சுற்றிக்கொடுத்தவர் ஒக்தாவ் ப்ருவோ. படம் முடிந்த வாரம் ஆன்செல்ம் மார்ச்சளியில் படுத்தார். முதலாளி தெலனுவா வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "யார் செஞ்சது இது?" என்று கேட்டார். "நான்தான் மொசியே" என்றார் ப்ருவோ. "ஆன்செல்ம்?" என்றார் முதலாளி. "அவர் விளக்கு தூக்கினார்."

அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ப்ருவோ தலைமைக்காரர் ஆனார். உடம்பு தேறி வந்த ஆன்செல்மிடம், நீ விளக்குக்காரன் என்று சொன்னார்கள். அவர் ஒரு குளிர்காலம் முழுக்கத் தன்னுடைய கொட்டகையிலேயே இன்னொருவருக்கு விளக்கு தூக்கினார். மார்ச் மாதம் இறந்துபோனார்.

பூட்ஸ் படம் தன் கணவருடையது என்று எழுதிய கடிதத்தோடு லியோந்தின் முதலாளி வீட்டு வாசலுக்குப் போனாள். "விளக்கு தூக்கினவன் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்று வருடம் பொம்மைத் தொழிற்சாலையில் முகம் தீட்டினாள். நான்காவது வருடம் தன் பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு ப்ருவோ முன்னால் வந்து நின்றாள்.

ப்ருவோ அப்போது ஒரு கல்யாணப் படம் எடுக்க இருந்தார். தேவாலயத்துக்குள்ளே பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வருவார்கள். பெஞ்சுகளில் நாற்பது விருந்தாளிகள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக இரண்டு நிமிடம். மாப்பிள்ளைப் பொம்மைக்குத் தன் மீசையையே வைத்துச் செதுக்கியிருந்தார். நாற்பது முகங்கள் தீட்ட ஆள் வேண்டும். அதோடு, அவர் முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நகர்த்தும்போது பின்னால் விருந்தாளிகளின் விசிறியையும் தொப்பியையும் நகர்த்த இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.

"மதாம் கொலே, உங்க கை நடுங்குமா?" என்று கேட்டார்.

"கோபம் வந்தா கூட நடுங்காது மொசியே" என்றாள்.

அன்று மாலை அவள் என் கழுவும் அறைக்கு வந்தாள்.

"நாப்பது பேர்ல கடைசி வரிசைல ஏழாவது ஆள் ஆன்செல்ம்" என்றாள். "உடஞ்ச மூக்கு, ஒரு புருவம் ஏறி, ஒரு புருவம் எறங்கி. கட்டை விரல் அளவு முகம். யாருக்கும் தெரியாது."

"எதுக்கு?"

"ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடி அளவு அவர எழுப்பப் போறேன். ஆறு வாரம். தினம் பாக்கறவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. திரையில ஓட்டினாத்தான் தெரியும். எழுந்து நிப்பார். கைய தூக்குவார். கடைசியில விரல நீட்டி மாப்பிள்ளைய காட்டுவார். அப்ப முதலாளி முன்னால நான் எழுந்து பேரச் சொல்லுவேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. தீராத தாகத்தில் இருப்பவள் தண்ணீர்ச் சத்தம் கேட்டதுபோல இருந்தது அது.

"உன் கைக்குத்தான் சுருள் வரும், சிதோனி. நீ பாத்துடுவ. போய்ச் சொல்றதா இருந்தா இப்பவே போய்ச் சொல்லு."

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சும்மா இருப்பதுதான்.

படம் எடுக்கும்போது கொட்டகையில் யாரும் நடக்கக் கூடாது. தரைப்பலகை ஒரு மயிரிழை அசைந்தாலும் நாற்பது பொம்மைகளும் தலையாட்டிவிடும். ஆன்செல்ம் காலத்தில், ஒரு படம் முடிந்ததும் அவர் உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்குவார். இனி நடக்கலாம் என்று அர்த்தம். உடனே எல்லோரும் இருமுவோம், காலை மாற்றி வைப்போம், கதவைச் சாத்துவோம். ப்ருவோ வந்த பிறகு அதை எடுத்துவிட்டு ஒரு சிறு மணி வைத்தார். ஆன்செல்மின் கை கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்த மணி என்று தச்சர் பஸ்தியான் ஒரு தடவை என்னிடம் முணுமுணுத்தார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை.

வேலை தொடங்கியது. நாளுக்கு ஐம்பத்தாறு படம். நான் சுருளை எடுக்கப் போகும்போதெல்லாம் லியோந்தின் ஆன்செல்மின் பழைய இடுக்கியோடு பின்வரிசைமேல் குனிந்திருப்பாள். ஒரு விசிறியைத் தொடுவாள், ஒரு தொப்பியைத் தொடுவாள், கடைசியில் ஏழாவது ஆளின் முழங்காலைத் தொடுவாள். அப்போது அவள் உதடு அசையும். ஜெபம் என்று கொட்டகையின் எடுபிடிப் பையன்கள் நினைத்தார்கள். அது ஜெபம் இல்லை. "ஒண்ணு உனக்கு, ப்ருவோ. இன்னொண்ணு உனக்கு" என்றுதான் சொல்வாளாம்.

"ஒரு நாளைக்கு அம்பத்தாறு தடவை அவன் முகத்துல அடிக்கறேன்" என்று என்னிடம் சொன்னாள். "அவனுக்கு வலிக்கவே இல்ல. கடைசியில எல்லாம் சேத்து வலிக்கும்."

சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறித் தெரியும். மணப்பெண்ணின் உடை கறுப்பு, மாப்பிள்ளையின் கோட்டு வெள்ளை. கறுத்த முகத்தோடு, வெள்ளைக் கண்களோடு, கடைசி வரிசையில் ஆன்செல்ம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெஞ்சிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். சுருளை உலர்த்தும் சட்டத்தில் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அவள் என் பக்கத்தில் நிற்பாள். எல்லோரும் சேர்ந்து பரலோகப் பிதாவை வேண்டுவோம். பிறர் குற்றத்தை மன்னிப்பது பற்றிய இடம் வரும்போது அவள் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த வரிக்குத் திறக்கும். "தெரிஞ்சே பொய் சொல்ல மாட்டேன், அதுவும் அங்க நின்னுக்கிட்டு" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நான்காவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை நான் வெங்காயத்தாள் சூப்பைச் சின்னச் சட்டியில் எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு மாடிப்படி ஏறினேன். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவர் எப்படி இருக்கார்?"

"யாரு?"

"ஏழாவது ஆள். இந்த மூணு நாளும் அந்த ப்ருவோ பின்வரிசையையும் தானே பாத்துக்கறானாம், பஸ்தியான் வந்து சொன்னார். விசிறியைத்தான் ஆட்டுவான். ஆன்செல்ம் பாதி எழுந்தபடியே உறைஞ்சு நிப்பார். நான் போய் மறுபடி எழுப்பினா வெட்டினமாதிரி தெரியும். எல்லாம் பாழ்." அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "படுத்த நேரம் பாரு. அவரும் அப்படித்தான் படுத்தார்."

"சூப் ஆறுது" என்றேன்.

"வச்சுட்டுப் போ."

நான் போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்தேன். நாலு வருடமாகத் தொண்டையில் இருந்ததை அன்று சொன்னேன். "நீ நீட்டற விரல் அவன மட்டும் காட்டினா பத்தாது லியோந்தின். முதலாளி கேட்டப்ப நானும் அந்த ரூம்ல இருந்தேன். வேலை போயிடும்னு பேசாம நின்னேன்."

அவள் சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "தெரியும். ஆன்செல்ம் அஞ்சு பேரோட பேரையும் சொன்னார். அவருக்கு விளக்கு குடுத்த முதல் நாள், கோட்டுப் பையில யாரோ ஒரு ஆப்பிள் வச்சிருந்தாங்க. சிதோனி வச்சதுதான்னார். சுருள் கழுவற சோடா வாசன வந்ததாம் அதுல."

நான் தலைகுனிந்தேன். அந்த ஆப்பிளை நான் மறந்தே போயிருந்தேன்.

"ரெண்டா வெட்டித் தின்னோம். அந்த வாரத்துல அவர் ஆசையாத் தின்னது அது ஒண்ணுதான்." அவள் எழுந்து உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "அதனாலதான் உன் சூப்ப குடிக்கறேன். வேற யார் கொண்டாந்திருந்தாலும் ஜன்னல் வழியா போயிருக்கும்."

மறுநாள் காலை அந்த மூன்று நாள் சுருள் என் கைக்கு வந்தது. கழுவி, விளக்குக்கு எதிரே பிடித்தேன். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு நடுவில் பார்த்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

ஏழாவது ஆள் உறைந்து நிற்கவில்லை. அந்த மூன்று நாளும் எழுந்துகொண்டேதான் இருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடி அளவு.

மத்தியானம் லியோந்தின் சால்வையைப் போர்த்திக்கொண்டு தள்ளாடி வந்தாள். நான் சுருளை அவள் கையில் கொடுத்தேன். தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, படத்துக்குப் படம் அளந்து பார்த்தாள். முழங்கால், இடுப்பு, தோள். எங்கும் பிசகவில்லை.

"இதையும் எடுத்துக்கிட்டான்" என்றாள். "அவரோட வேலைய திருடினான். இப்ப என் கோபத்தையும் திருடிட்டான்."

நேராக உள்ளே போனாள். பயந்து நானும் பின்னால் போனேன். சாப்பாட்டு நேரம், ப்ருவோ தனியாகப் பொம்மைத் தேவாலயத்தின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்து எழுந்தார்.

"காய்ச்சல் விட்டுதா மதாம் கோத்ரி?"

கோத்ரி என்பது ஆன்செல்மின் குடும்பப் பெயர். லியோந்தின் நின்றுவிட்டாள்.

"எப்ப தெரியும்?"

"முதல் வாரமே. பூட்ஸ் படத்தப்ப அஞ்சு மாசம் இந்த மூக்க பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான்."

"அப்ப ஏன் தடுக்கல?"

"தடுக்கணும்னா அவர மறுபடி பிடிச்சு அமுக்கி உக்கார வைக்கணும்." ப்ருவோ ரொட்டியைக் காகிதத்தில் மடித்தார். "அத ஒரு தடவை செஞ்சாச்சு."

"நான் இல்லாதப்ப அவர எழுப்பச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னது?"

"விட்டிருந்தா வெட்டிக்கும். ஒரு வெட்டு விழுந்தா அவர் ஒத்துக்க மாட்டார். உங்களுக்குத் தெரியாதா? பூட்ஸ் படத்துல ஊசி ஒரு இடத்துல துள்ளிச்சுன்னு மூணு வார வேலைய தூக்கிப் போட்டவர்."

"அவரப் பத்தி உன் வாயால பேசாத."

"சரி."

"இவ்வளவு தெரிஞ்சவன் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கால் மணி நேர வேலை. அவர் உயிரோட இருந்தப்பவே."

"தினம் சொல்லணும்னுதான் வீட்ட விட்டுக் கிளம்பறேன்" என்றார் ப்ருவோ. "இந்தக் கதவு வரைக்கும் வார்த்தை வருது. உள்ள வந்ததும் காணாம போயிடுது. நாலு வருஷமா." அவர் பின்வரிசையைக் காட்டினார். "இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. கைய இனிமேதான் தூக்கணும். எப்படித் தூக்கணுமோ தூக்குங்க. நான் கைப்பிடிய சுத்தறேன்."

அவள் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். "இதப் பாத்து நான் உருகிடுவேன்னு நினைக்காத. விரல் வரும். உன் மீச மேலயே வந்து நிக்கும்."

"வரட்டும்" என்றார்.

அடுத்த பன்னிரண்டு நாளும் அந்தக் கொட்டகையில் இருந்ததுபோன்ற அமைதியை நான் அனுபவித்ததில்லை. அவர் முன்னால் நகர்த்துவார், அவள் பின்னால் நகர்த்துவாள், அவர் சுற்றுவார், மணி அடிப்பார். பேச்சில்லை. சுருளில் ஆன்செல்மின் கை தொடையை விட்டுக் கிளம்பியது. மடங்கிய மூன்று விரல்களும், நீட்ட ஆயத்தமான சுட்டுவிரலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. அவள் கோபம் தணிந்துவிடவில்லை. நான் புத்தி எதுவும் சொல்லவும் இல்லை. அன்று வாய் மூடி நின்றவளுக்கு இன்று புத்தி சொல்ல என்ன உரிமை? தினமும் ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்டி, பாதியை அவள் இடுக்கிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வருவேன்.

கடைசி நாள் சுருளை எனக்குக் காட்டாமல் அவளே கழுவினாள்.

சனிக்கிழமை முதலாளி தெலனுவா வந்தார். முன்வரிசையில் அவரும் ப்ருவோவும் உட்கார்ந்தார்கள். நாங்கள் பின்னால், சுவரோரம். லியோந்தின் வாசல் பக்கம் நின்றாள். பாவாடை மடிப்பைப் பிரித்து மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். தேவாலயம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்தார்கள். விசிறிகள் ஆடின. முதலாளி சிரித்தார். பாதி ஓடியபோது பஸ்தியான் என் கையைப் பிடித்தார்.

"சிதோனி, பின்னால யாரோ எழுந்திருக்கறாங்க."

ஏழாவது ஆள் எழுந்துகொண்டிருந்தார். ஒரு துள்ளல் இல்லை. தண்ணீர் ஏறுவதுபோல ஏறினார். முழுக்க நின்றார். மாப்பிள்ளைக்குப் பின்னால், ஒரு புருவம் ஏறி, மூக்கு வளைந்து, அவரே. கை கிளம்பியது. தோளுக்கு வந்தது. சுட்டுவிரல் தனியாக நின்றது. நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன்.

கை தோளோடு நிற்கவில்லை. மேலே போயிற்று. மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தலைக்கு மேலே, உள்ளங்கை முழுக்கத் திறந்து நின்றது.

எங்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் உடம்பு தானாகச் செய்தது. பஸ்தியான் இருமினார். விளக்குக்காரன் காலை மாற்றி வைத்தான். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். இருட்டில் சுவரோரமாக அத்தனை கால்களும் அசைந்தன, நாலு வருடம் கழித்து நடக்கலாம் என்று யாரோ சொன்னதுபோல.

விளக்கு வந்தது. முதலாளி திரும்பி எங்களைப் பார்த்தார். "என்ன சத்தம் அங்க? ப்ருவோ, அந்தப் பின்வரிசைக்காரன் யாரு? பொண்ணப் பாக்கவே விடமாட்டேங்கறான்."

லியோந்தின் பேசவில்லை. எழுந்து பேரைச் சொல்வேன் என்றவள், கதவில் சாய்ந்து அப்படியே நின்றாள்.

ப்ருவோ எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அது ஆன்செல்ம் கோத்ரி, மொசியே. இந்த வேலைய கண்டுபிடிச்சவர். பூட்ஸ் படம் அவரோடது. அவர் விளக்கு தூக்கினார்னு உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். நான் கைப்பிடி சுத்தினவன்."

"உளறாத. இத யாரு செஞ்சது அப்ப?"

"பின்வரிசை பூரா அவர் மனைவி. அதோ நிக்கறாங்க."

"ஆமா மொசியே" என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்க அஞ்சு பேருக்கும் அது அப்பவே தெரியும்."

முதலாளிக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு வாரம் கத்தினார். ப்ருவோவைத் துரத்துவதாகச் சொன்னார். பிறகு வியாபாரிக்குரிய புத்தி வந்து, பொம்மைகளை லியோந்தினிடம் ஒப்படைத்தார். கைப்பிடி சுற்ற ஆள் வேண்டும் என்றபோது அவளிடமே கேட்டார். "மொசியே ப்ருவோ சீரா சுத்துவார்" என்று மட்டும் சொன்னாள்.

ஏன் கையை விரித்தாய் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "கடைசி நாள் வேலைதான் பாக்கி" என்றாள். "விரல நீட்டிட்டுப் பாத்தேன். மூக்கு, புருவம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா அவர் இல்ல அது. நான்தான் அவர் சட்டைய போட்டுக்கிட்டு நிக்கறேன். அவர் யாரையும் விரல் நீட்டிப் பேசினவர் இல்ல. பொம்மைய அது செய்யாதத செய்ய வைக்கக் கூடாதும்பார்." சிறிது நேரம் இடுக்கியைத் துடைத்தாள். "விரிச்சா ப்ருவோ தப்பிச்சிடுவான்னு தெரியும். வயிறு எரிஞ்சுது. எரிஞ்சுக்கிட்டேதான் விரிச்சேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அந்த இடம் வந்தபோது அவள் உதடு மூடவில்லை. சத்தமும் வரவில்லை. பாதியில் நின்றது. ஆண்டவருக்குப் பாதி போதும் என்று நான் நம்புகிறேன்.

புதிய படம் தொடங்கிய திங்கட்கிழமை உறைபனி. மணியைப் பஸ்தியான் ஆணியோடு பிடுங்கிவிட்டிருந்தார். லியோந்தின் அடுப்பிலிருந்து இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றினாள். ஒன்றைக் கொண்டுபோய்க் கேமராவுக்குப் பக்கத்தில், ப்ருவோவின் முன்னால், அவர் முகத்தைப் பாராமல் வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல" என்றாள். "கை விறைச்சா கைப்பிடி ஆடும். குடிங்க."

அவர் குடித்தார். அவள் பொம்மைகள்மேல் குனிந்தாள். நாங்கள் அசையாமல் நின்றோம்.